ரஜாவும் ராஜிநாமாவும்

உத்தியோகம் பார்க்கிறவர்களுக்கெல்லாம் இரண்டு பஞ்சாங்கங்கள் உண்டு. ஒன்று காரியாலயத்துச் சுவரில் தொங்குவது. மற்றொன்று வீட்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் தொங்குவது. முதலாவதில் சம்பளத் தேதி, பரீட்சைத் தேதி, தணிக்கைத் தேதி முதலியவை குறிக்கப்பட்டிருக்கும். இரண்டாவதில் கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடியேற்றம், பேறுகாலத்துக்குப் பெண்ணை அழைத்துவர வேண்டிய நாள் ஆகியவை இருக்கும். இவ்விரண்டையும் ஒத்துப் போகச் செய்வதிலேயே நம்மில் பலருடைய ஆயுள் கழிந்துவிடுகிறது. ஒரே இடத்தில் நிலையாக வேலை பார்க்கிறபோதே இது பெரும்பாடு. ஓர் உத்தியோகத்தை விட்டு மற்றோர் உத்தியோகத்துக்குப் போகிற சமயத்தில், ஆறு மாதத்துக்கு முன்பே நிச்சயித்து டிக்கெட்டும் வாங்கிவிட்ட ஒரு பிரயாணம் குறுக்கே வந்து நின்றால், அந்த மனுஷனுடைய நிலைமை 'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்' என்பதுதான். பழைய எஜமானர் கொடுத்த அனுமதி பழைய இடத்தோடு போயிற்று. புதிய எஜமானரிடம் கேட்கவோ வாய் வரவில்லை. என்ன செய்வது?

இந்த விஷயத்தைப் பற்றி எழுத எனக்கு ஒரு பாத்தியதை உண்டு. நான் பள்ளிக்கூடத்து உபாத்தியாயினி. வைப்பாறு கடலோடு கலக்கும் இடத்தில் உள்ள கீழவைப்பார் எங்கள் ஊர். சரித்திரம் படித்துப் பட்டம் பெற்று, இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு அதையே சொல்லிக் கொடுத்து வருகிறேன். 2024ஆம் வருஷத்தில், மேற்சொன்ன சங்கடம் அப்படியே எனக்கு நேர்ந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் ரஜா என்ற வஸ்துவைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் பாட்டனார் காலத்தில் 'ரஜா' என்றார்கள். அது அரபு மொழியிலிருந்து ஹிந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்த சொல். சம்மதம் என்பது அதன் மூலப் பொருள். இப்பொழுது எல்லோரும் சொல்கிற 'லீவு' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் ஆதியில் அனுமதி என்றுதான் அர்த்தம். ஆக, இரண்டு சொற்களும் ஒரே கதையைத்தான் சொல்லுகின்றன: மேலே இருப்பவர் மனமிரங்கித் தலையசைத்தால் கீழே இருப்பவன் வீட்டுக்குப் போகலாம், இல்லையேல் இல்லை. ஓய்வு என்பது உரிமையாக அன்று, தயவாகவே உலகத்தில் பிறந்தது. அந்தப் பழைய வாசனை இன்னமும் நம்மை விட்டுப் போகவில்லை. பத்து நாள் ரஜா கேட்கிறபோது, கடன் கேட்கிறவர்களைப்போல் நாம் கையைப் பிசைகிறோம் அல்லவா? அதற்குக் காரணம் இதுதான்.

அந்தத் தயவை உரிமையாக மாற்றுவதற்கு எங்கள் தூத்துக்குடியே ஒரு காலத்தில் போராடியிருக்கிறது. 1908ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 27ஆம் தேதி கோரல் மில் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். தலைமை தாங்கியவர்கள் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும். கூலி உயர்வு கேட்டார்கள் என்பதைப் பலரும் அறிவார்கள். அத்துடன் வாரம் ஒரு நாள் விடுமுறையும், மற்ற ரஜா வசதிகளும் கேட்டார்கள் என்பதை அநேகர் மறந்துவிட்டார்கள். ஒன்பது நாளைக்குள் ஆலையார் இறங்கி வந்தார்கள். கூலி கூடிற்று, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் கிடைத்தது. சில தினங்களுக்குள், மார்ச்சு 12ஆம் தேதி, தலைவர்கள் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். நமக்கு ஞாயிறு என்கிற ஒரு நாள் சும்மா கிடைத்துவிடவில்லை. அதற்காகச் சிறை சென்றவர்கள் இருக்கிறார்கள் என்று என் வகுப்புப் பிள்ளைகளிடம் வருஷந்தோறும் சொல்லுவேன். ஞாயிற்றுக்கிழமையில் தனி வகுப்பு வைக்கிற நாள்களில் மாத்திரம் சொல்வதில்லை!

வெளிநாடுகளிலும் இது நேற்றைய சங்கதிதான். பிரான்ஸ் தேசத்தில் சம்பளத்துடன் 2 வார விடுமுறை 1936ஆம் வருஷத்தில் சட்டமாயிற்று. அதே வருஷத்தில் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் இது குறித்து முதல் உடன்படிக்கையைச் செய்தது. இங்கிலாந்தில் 1938ல் சட்டம் வந்தது. நம் தேசத்தில், சுதந்திரம் அடைந்த மறு வருஷம் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், 20 நாள் வேலைக்கு 1 நாள் என்ற கணக்கில் சம்பளத்துடன் ரஜா என்று விதித்தது. பிற்காலத்துத் திருத்தத்தின்படி, வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கே அந்தப் பாத்தியதை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழிற்சட்டத் தொகுப்பு, அந்த 240ஐ 180 ஆகக் குறைத்திருக்கிறது. 20க்கு 1 என்ற கணக்கு மட்டும் மாறவில்லை.

உத்தியோகம் மாறுகிறவர்களுக்கு முக்கியமான இரண்டு சங்கதிகள் 1948ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே இருந்தன. ஒன்று, ஒருவர் தாமாக விலகினாலும் சரி, விலக்கப்பட்டாலும் சரி, அவர் அனுபவியாத ரஜாவுக்குரிய சம்பளத்தை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். மற்றொன்று, தொழிலாளியை விலக்குவதற்கு முன் கொடுக்க வேண்டிய அறிவிப்புக் காலத்தைக் கணக்கிடுகையில், மீதமிருக்கும் ரஜாவை அதிலே சேர்த்துக் கழித்துவிடக் கூடாது. "உனக்குத்தான் முப்பது நாள் ரஜா பாக்கி இருக்கிறதே; அதுவே அறிவிப்பாக இருக்கட்டும், நாளை முதல் வராதே" என்று சொல்லித் துரத்தக்கூடாது என்று அதற்கு அர்த்தம். புதிய தொகுப்பிலும், விலகுகிறவருக்கு மிச்ச ரஜாவுக்குச் சம்பளம் உண்டு; சேர வேண்டிய சம்பளப் பாக்கியை 2 வேலை நாளைக்குள் தீர்க்க வேண்டும் என்கிற விதியும் உண்டு.

இவ்வளவும் கேட்டு ஆலைத் தொழிலாளிகள் சந்தோஷப்படலாம். உபாத்தியாயர்கள் அவசரப்பட வேண்டாம். நாம் 'தொழிலாளி' அல்ல! 1988ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு கோவா வழக்கில் அப்படித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கல்வி புகட்டுவது ஓர் உன்னதமான பணியாதலால், கைத்தொழில் தகராறுச் சட்டத்தில் கண்ட தொழிலாளி என்ற சொல்லுக்குள் ஆசிரியர் அடங்கமாட்டார் என்பது அதன் சாரம். உன்னதம் என்ற பட்டம் கிடைத்தது, பாதுகாப்புத்தான் கிடைக்கவில்லை. பணிக்கொடை விஷயத்தில் கூட, 2009ல் சட்டத்தைத் திருத்தி, 1997ஆம் வருஷம் முதல் ஆசிரியர்களுக்கும் உண்டு என்று ஆக்கினார்கள். தனியார் பள்ளிகள் அதை எதிர்த்து வழக்காடி, 2022ல்தான் விவகாரம் தீர்ந்தது. ஆகையால், தனியார் பள்ளிக்கூடத்து ஆசிரியருக்கு ரஜா விஷயத்தில் நிஜமான சட்டம் எது என்றால், அவர் கையில் இருக்கிற நியமனக் கடிதம்தான். அதில் எழுதியிருப்பது உண்டு. எழுதாதது அநேகமாக இல்லை.

இனி என் சங்கதி.

என் தாயாருக்கு ஒரே தங்கை. 1974ஆம் வருஷம் ஜூன் 13ஆம் தேதி கொழும்பில் அவருக்குக் கல்யாணம். அந்தக் காலத்தில் எங்கள் கடற்கரைக்கும் கொழும்புக்கும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் பக்கத்துத் தெரு சமாசாரம்போல. 1907ல் சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல்கள் ஓடியதே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில்தானே? சித்தி மணப்பெண்ணாகப் புறப்பட்டபோது ராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. பிறகு அந்தத் தேசத்தில் யுத்தம் மூண்டது, கப்பலும் நின்றது. 1996ல் எங்கள் பாட்டி இறந்தபோது சித்தி ஒருமுறை வந்து அழுதுவிட்டுப் போனார். அதற்குப் பின் அக்காளும் தங்கையும் குரலால் மாத்திரமே உறவு கொண்டாடி வந்தார்கள்.

யுத்தம் 2009ல் முடிந்தது. போகலாம் என்று நினைக்கிறபோதெல்லாம் ஒரு தடை வந்தது. 2019ல் புறப்பட ஆயத்தம் செய்துகொண்டிருந்தோம். ஏப்ரல் 21ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, சித்தி வழக்கமாகப் பூசைக்குப் போகும் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலேயே குண்டு வெடித்தது. கடவுள் கிருபையால் அன்றைக்கு அவர் முழங்கால் வலியால் வீட்டிலே இருந்தார். பிறகு கொள்ளை நோய். அதன் பின் 2022ல் அங்கே எண்ணெய்க்கும் அரிசிக்கும் ஜனங்கள் வரிசையில் நின்ற காலம். கடைசியில், 2024 ஜூன் 13ஆம் தேதி சித்தியின் கல்யாணத்துக்கு 50 வருஷம் நிறைகிறது, அதுவே கொச்சிக்கடை அந்தோனியாரின் திருவிழா நாள், என்ன வந்தாலும் போயே தீருவது என்று தீர்மானித்தோம். 2023 டிசம்பரிலேயே மதுரையிலிருந்து கொழும்புக்கு விமான டிக்கெட் வாங்கினேன். ஜூன் 10 முதல் 16 வரை சம்பளமில்லா ரஜாவுக்கு நான் அப்போது வேலை பார்த்த பள்ளியில் அனுமதியும் வாங்கிவிட்டேன். அம்மாவுக்கு அப்பொழுது வயது 74.

ஜனவரியில், தூத்துக்குடியிலுள்ள வேறொரு பள்ளியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. சம்பளம் மாதம் 6,000 ரூபாய் கூடுதல். என் மகள் அந்த வருஷம் காலேஜில் சேர வேண்டியவள். அந்தத் தொகையை அற்பம் என்று சொல்ல எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தைரியம் கிடையாது. ஏப்ரல் முடிவில் பழைய இடத்தை விட்டு, மே 20ஆம் தேதி புதிய இடத்தில் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. நடுவில் 19 நாள் இடைவெளி. "அந்த இடைவெளியிலேயே கொழும்புக்குப் போய்வந்தால் என்ன?" என்று நேயர்கள் கேட்கலாம். போகலாம்தான். ஆனால் கல்யாண நாளையும் அந்தோனியாரையும் மே மாதத்துக்கு மாற்றி வைக்கிற வித்தை எனக்குத் தெரியாது. ஜூன் இரண்டாவது வாரமோ, பள்ளிக்கூடம் திறக்கிற வாரம். புதிய பள்ளியில், புதிய வகுப்பில், முதல் வாரமே ஆசிரியை இல்லை என்றால் நன்றாகவா இருக்கும்?

உபதேசம் செய்ய ஆள்களுக்குப் பஞ்சம் இல்லை. என் சகாவான ஓர் ஆசிரியை, "வாயைத் திறக்காதே. பேசாமல் போய்ச் சேர்ந்துவிடு. ஜூன் 9ஆம் தேதி ராத்திரி, 'தாயாருக்குக் கடுங்காய்ச்சல்' என்று ஒரு செய்தி அனுப்பு. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்றாள். இருபத்தெட்டு வருஷம் காத்திருந்து தங்கையைப் பார்க்கப் புறப்படுகிற கிழவியை, விமானம் ஏறுகிற அன்றைக்கே காய்ச்சலில் படுக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. தவிர, பொய்யிலே ஒரு கஷ்டம் உண்டு. அதைச் சொன்னவர் ஆயுள் பூராவும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நாற்பது பிள்ளைகளின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்வதே எனக்குப் போதும்.

என் கணவர் வேறு யோசனை சொன்னார்: "நேர்முகத்துக்குப் போனவுடனேயே சொல்லிவிடு." அதுவும் சரியாகப்படவில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் காப்பி கொடுக்கிறதற்கு முன்பே, "ஆடி மாதத்துக்கு என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும்" என்று சொல்வதைப்போல் அல்லவா அது இருக்கும்? அவர்கள் நம்மை வேண்டும் என்று நினைப்பதற்கு முன்னால் சொன்னால் அது தடங்கல். வேண்டும் என்று தீர்மானித்துவிட்ட பிறகு, ஆனால் நாம் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சொன்னால், அது ஏற்பாடு. இந்த இரண்டுக்கும் நடுவிலே ஒரு சிறிய வாசல் திறந்திருக்கிறது. சில நாள்தான் திறந்திருக்கும். அதற்குள்ளே நுழைந்துவிட வேண்டும்.

அம்மாவோ, விஷயம் காதில் விழுந்ததும், "ஏளா, பிள்ளை படிப்புக்கு முன்னால இதெல்லாம் என்ன பெரிசு? நான் போகலைன்னா இப்ப என்ன கெட்டுப்போச்சு? போன்லதான் தெனமும் மொகம் பாக்கோமே" என்றார். சொல்லிவிட்டு, மீனை ஆய்ந்துகொண்டிருந்தவர், ஆய்ந்த மீனையே மறுபடியும் ஆயத் தொடங்கினார். அதைக் கண்ட பிற்பாடு எனக்கு யோசனை ஒன்றும் பாக்கியிருக்கவில்லை.

புதிய பள்ளியிலிருந்து, "உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், கடிதம் வாங்கிக்கொள்ள வாருங்கள்" என்று தகவல் வந்தது. போனேன். தலைமையாசிரியை அம்மாள் கடிதத்தை நீட்டினார். நான் அதை வாங்காமல், "அம்மா, கையெழுத்திடுவதற்கு முன் ஒரு விஷயம் தங்களிடம் சொல்ல வேண்டும். ஜூன் 10 முதல் 16 வரை நான் ஊரில் இருக்கமாட்டேன்" என்று தொடங்கிக் காரணத்தைச் சொன்னேன். டிக்கெட்டின் நகலையும் காட்டினேன். "அந்த நாள்களுக்குச் சம்பளம் வேண்டாம். மே 20ஆம் தேதி முதல் ஜூன் 9 வரை ஒரு நாளும் தவறாமல் வருவேன். கால அட்டவணை தயாரிப்பதோ, சேர்க்கை வேலையோ, எதைக் கொடுத்தாலும் செய்கிறேன். என் வகுப்புகளுக்கு முதல் வாரத்துப் பாடத்தை, யார் வந்து நடத்தினாலும் நடத்தும்படியாக எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்" என்றேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார். பிறகு, "பள்ளிக்கூடம் திறக்கிற வாரம், டீச்சர். வேறு எந்த வாரமாக இருந்தாலும் சரி என்றிருப்பேன்" என்றார். எனக்கு நெஞ்சு படபடத்தது. காலேஜ் கட்டணம் ஒரு கண்ணிலும், அம்மா ஆய்ந்த மீன் மறு கண்ணிலும் தெரிந்தன. "தெரியும், அம்மா. அதனால்தான் இப்போது சொல்கிறேன். வேலை கொடுப்பதற்கு இது தடையாக இருக்குமானால், வேறொருவரைத் தேடிக்கொள்ளத் தங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது" என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் சற்று நடுங்கியதை நானே கேட்டேன்.

தாளாளரிடம் கலந்துகொண்டு தகவல் சொல்வதாக அனுப்பினார். இரண்டு நாள் தகவலே இல்லை. அந்த இரண்டு நாளில் வீட்டில் யாரும் கொழும்பு என்ற பெயரை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அழைத்தார்கள். கடிதத்தின் கீழே, 'ஜூன் 10 முதல் 16 வரை சம்பளமில்லா விடுப்பு முன்கூட்டியே அனுமதிக்கப்படுகிறது' என்று ஒரு வரி சேர்த்திருந்தது. தலைமையாசிரியை, "டீச்சர், நான் இந்த நாற்காலிக்கு வந்த பிறகு, ஜூன் முதல் வாரத்தில் எத்தனையோ தாயார்களுக்குக் காய்ச்சல் வந்து பார்த்திருக்கிறேன். பிப்ரவரிக்கு முன்பே தேதி சொல்லிவிட்டு வந்தது உங்கள் தாயார் ஒருவர்தான்" என்றார்.

ஜூன் 10ஆம் தேதி விளாத்திகுளம், அருப்புக்கோட்டை வழியாக மதுரை போய் விமானம் ஏறினோம். ஒரு மணி நேரத்துப் பிரயாணம். இருபத்தெட்டு வருஷமாகப் போக முடியாமல் இருந்த தூரம் இவ்வளவுதானா என்று அம்மாவுக்கு நம்பிக்கையே வரவில்லை. கொட்டாஞ்சேனையில் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த சித்தியின் கண்ணில் பூ விழுந்திருந்தது. போனில் பார்க்கிறபோது அது எங்களுக்குத் தெரியவேயில்லை. அக்காளின் முகத்தை விரலால் தடவிப் பார்த்துத்தான் அவர் பேசினார். "மெலிஞ்சு போயிட்டியே அக்கா" என்றார். அதன் பின் இருவரும் அந்த ஒரு வாரமும், ஐம்பது வருஷத்துக்கு முன் கீழவைப்பாரில் எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்பதைத் தெருத்தெருவாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். திருவிழா, கல்யாண நாள் விருந்து எல்லாம் எங்களுக்குத்தான். அவர்களுக்கு அந்தத் தெருக்களே போதுமாயிருந்தன.

பழைய பள்ளியின் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். பதினொரு வருஷம் அங்கே வேலை பார்த்தேன். பிப்ரவரி முதல் தேதியே, மூன்று மாத அறிவிப்புடன் ராஜிநாமாக் கடிதம் கொடுத்தேன். அனுபவியாத ரஜாவுக்குச் சம்பளம் உண்டு என்று அவர்கள் விதியிலேயே எழுதியிருக்கிறது. ஆனால், 'அடுத்த மாதம்', 'தணிக்கை முடியட்டும்' என்று ஐந்து மாதம் கடத்தினார்கள். ஒவ்வொரு மாதமும் ஒரு கடிதம் எழுதினேன். நேரில் போய்ச் சத்தம் போடவில்லை. கடைசியில் பணம் வந்தது. வருஷா வருஷம் ரஜாக் கணக்கில் கையொப்பம் வாங்கிய நகலை நான் பத்திரப்படுத்தி வைத்திராவிட்டால் அதுவும் வந்திராது.

இந்த அநுபவத்திலிருந்து இளைஞர்களுக்குச் சொல்லத் தக்கவை சில உண்டு. பிரயாணங்களில் மூன்று ஜாதி இருக்கின்றன: நாள் மாற்ற முடியாதது, மாற்றக்கூடியது, விட்டுவிடக்கூடியது. ஊட்டி மலை அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும். தங்கையின் ஐம்பதாவது கல்யாண நாள் ஒரு தடவைதான் வரும். முதல் ஜாதிக்காக மாத்திரமே புதிய எஜமானரிடம் வாயைத் திறக்க வேண்டும்; மற்ற இரண்டையும் நாமே மாற்றிக்கொள்வதுதான் மரியாதை. கேட்கிறபோது தேதியும் எண்ணிக்கையும் திட்டமாக இருக்க வேண்டும். 'ஜூனில் கொஞ்ச நாள்' என்பது மேலிடத்தாரைத் திகிலடிக்கச் செய்யும். '7 நாள், சம்பளம் வேண்டாம்' என்பது அவர்களைக் கணக்குப் போடச் செய்யும். நம்மால் உண்டாகும் இடைஞ்சலுக்கு நாமே ஒரு பரிகாரத்தையும் கையோடு கொண்டுபோக வேண்டும். சம்மதம் கிடைத்தால், அது கடிதத்தில் ஒரு வரியாக ஏற வேண்டும். இன்றைக்குத் தலையசைத்தவர் ஜூன் மாதத்தில் அந்த நாற்காலியில் இருப்பார் என்பது என்ன நிச்சயம்? பழைய இடத்தை விட்டு விலகும் தேதியையும் பார்த்து வைக்க வேண்டும். பணிக்கொடைக்கு 5 வருஷ சேவை வேண்டும் என்பது பொது விதி. நாலே முக்கால் வருஷத்தில் அவசரப்பட்டு ராஜிநாமா செய்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

எங்கள் கடற்கரையில் இந்தச் சங்கடம் இல்லாத தொழில்களும் இருக்கின்றன. விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. 2017க்கு முன் அது 45 நாளாக இருந்தது. மீன் இனம் பெருகுவதற்காகச் சர்க்கார் விதித்தது அது. படகு மாறுகிற ஆள்கள், பழைய முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தைத் தீர்த்துவிட்டு அந்தக் காலத்திலேயே மாறிக்கொள்கிறார்கள். வீட்டுக் கல்யாணத்தையும் அப்போதே முடிக்கிறார்கள். வர்த்தகக் கப்பலில் போகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கோ, ஒப்பந்தத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவிலேதான் ரஜாவே இருக்கிறது. 2006ஆம் வருஷத்துச் சர்வதேசக் கடல்சார் தொழில் உடன்படிக்கைப்படி மாதத்துக்கு 2½ நாள் வீதம் ரஜா சேரும். இறங்கின பிறகு, வேறு கம்பெனிக்குப் போனாலும் ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை. எங்கள் ஊர் வள்ளக்காரர்களுக்கு அந்தத் தடையும் கிடையாது, ஒப்பந்தமும் கிடையாது. காற்று கடுமையாக அடித்தால் ரஜா, அடிக்காவிட்டால் வேலை. அவர்களுடைய எஜமானிடம் விண்ணப்பம் செல்லாது. ஆனால் பொய்க் காய்ச்சலும் செல்லாது.

பள்ளிக்கூடம், காரியாலயம், கம்பெனி ஆகியவற்றில் எஜமானர் மனிதராக இருக்கிறார். ஆகையால் அவரிடம் பேசலாம். பேசினால் மறுத்துவிடுவாரோ என்ற பயத்திலேதான் நம்மவர்கள் பொய்யைத் தேடிப் போகிறார்கள். மறுக்கவும் கூடும், எனக்கும் மறுத்திருக்கலாம். மறுத்திருந்தால் 6,000 ரூபாய் போயிருக்கும். ஆனால், தாயார் தங்கையைப் பார்க்க 7 நாள் சம்பளமில்லாமல் கேட்டதற்கே மறுக்கிற இடத்தில், பின்னால் எனக்கு ஒரு நோய் வந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதையும் அப்பொழுதே தெரிந்துகொண்டிருப்பேன். ஓர் இடத்தின் குணத்தை அறிவதற்கு நேர்முகத்தில் நாம் கேட்கக்கூடிய கேள்வி அதிகம் இல்லை. இது அப்படிப்பட்ட கேள்விகளில் ஒன்று.

இப்போது எங்கள் பள்ளியில் கால அட்டவணை போடுகிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. அன்று மே மாதத்தில், "எதைக் கொடுத்தாலும் செய்கிறேன்" என்று சொன்னதன் பலன்! சென்ற மாதம் புதிதாகச் சேரப் போகிற ஓர் இளம் ஆசிரியர், கடிதம் வாங்க வந்த இடத்தில், "தங்கைக்குக் கல்யாணம், டீச்சர். ஆகஸ்டு மாதம். 4 நாள். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை" என்று தயங்கிக்கொண்டு நின்றார். ஆகஸ்டு 5 எங்கள் ஜில்லாவில் பனிமய மாதா திருவிழாவுக்காக உள்ளூர் விடுமுறை நாள். அதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் அவருக்கு 3 நாள் ரஜாவே போதும் என்று காட்டினேன். பையன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! கையெழுத்துப் போடுவதற்கு முன் தலைமையாசிரியையிடம் போய் அவரே சொல்ல வேண்டும் என்று அனுப்பி வைத்தேன். அவருடைய வகுப்புகளை அந்த மூன்று நாளும் யார் எடுப்பது என்று இப்பொழுதே பென்சிலால் குறித்தும் வைத்திருக்கிறேன்.